மகளுக்குத் துவக்கு வேண்டுமாம்

1

ஊரிலிருந்து போன் எடுப்பவர்கள் முதலில் கேட்பது, அங்கே குளிரா வெயிலா என்று. டெக்சாசில் இரண்டும் ஒரே நாளில் வரும் என்றால் நம்ப மாட்டார்கள். இரண்டாவதாகக் கேட்பது, அங்கே எல்லார் வீட்டிலும் சுடுகிற துவக்கு இருக்குமாமே, உண்மையோ என்று. இருபத்துநாலு வருடமாக இந்தக் கேள்விக்கு, எங்கள் வீட்டில் அகப்பைதான் இருக்கிறது என்று சிரித்துச் சமாளித்து வந்தேன். இந்தத் தை மாதம் அந்தச் சிரிப்பு வரவில்லை. ஏன் வரவில்லை என்று ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லிக்கொண்டிருக்க என்னால் முடியாது. அதனால் இதை எழுதுகிறேன்.

என் மகள் துளசிக்கு இருபத்துமூன்று வயது. இங்கேயே பிறந்தவள். நேர்சிங் படித்து முடித்து, வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் ஓட்டத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் பின்னேரம் ஏழரைக்குத்தான் வெளியே வருவாள். பொங்கலுக்கு அடுத்த நாளும் அப்படித்தான் வேலையால் வந்தாள். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக் கதிரையில் இருந்தாள். மிஞ்சின பொங்கலைச் சூடாக்கிக் கொடுத்தேன். அதைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அம்மா, நான் ஒரு கன் வாங்கப் போறன்" என்றாள்.

நான் அடுப்பை நிறுத்திவிட்டு எதிரே இருந்தேன். அப்போதுதான் எல்லாம் வெளியே வந்தது. அவளுடைய வார்ட்டில் ஒரு கிழவி இருந்து செத்துப் போனாவாம். அவவின் மகன் நன்றி சொல்லப் பூங்கொத்தோடு வந்தானாம். பிறகு போன் நம்பர் கேட்டானாம். இவள் மறுத்தாளாம். அதன்பிறகு இரண்டு தடவை கார் நிறுத்துமிடத்தில், இவளுடைய காருக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறான். மூன்றாவது தடவை ஆளில்லை. கார்க் கண்ணாடியில் ஒரு கடதாசி இருந்தது. அவளுக்கு எந்தெந்த நாள் லீவு என்று அதில் சரியாக எழுதியிருந்தது. ஐந்து கிழமையாக இது நடக்கிறது. எனக்குச் சொல்லவில்லை. நான் பயந்து விடுவேனாம்.

ஆஸ்பத்திரிக் காவல் பிரிவில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்திருக்கிறாள். பொலிசில் இன்னொரு படிவம். அவன் உன்னைத் தொட்டானா? இல்லை. மிரட்டினானா? இல்லை. அப்படியானால் ஏதாவது நடந்தால் உடனே கூப்பிடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த நாள் நானும் பொலிசுக்குப் போனேன். நடந்த பிறகு கூப்பிட வாய் இருக்குமோ என்று கேட்கத்தான் போனேன். கோபம் வந்தால் என் ஆங்கிலம் ஓடி ஒளிந்துவிடும். "தேங்க் யூ" என்று சொல்லிவிட்டு வந்தேன். காருக்குள் இருந்து என்னையே திட்டிக்கொண்டேன்.

2

ஆனால் அன்று குசினியில் எனக்கு வாய் நன்றாகவே திறந்தது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விடுகிற வேலை இது, அந்தச் சாமான் என் வாசற்படி தாண்டக் கூடாது, தாண்டினால் நான் தாண்டிப் போய்விடுவேன் என்று கத்தினேன். எங்கே போவேன் என்று யோசிக்கவில்லை. துளசி கத்தவில்லை.

"அம்மா, இது என்ர உரிமை. இஞ்ச சட்டத்தில இருக்கு" என்றாள்.

உரிமை என்ற சொல்லை அவள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தாள். நான் படித்தது மன்னார்ப் பக்கத்தில் எங்கள் ஊரான அடம்பனின் சந்தியில், வான் வண்டியில் கட்டி வந்த லவுட்ஸ்பீக்கரில். அப்போது எனக்குப் பத்து வயது. மொழிக்கு உரிமை, நிலத்துக்கு உரிமை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்தோம். அந்த உரிமைகளுக்காகத்தான் துவக்குத் தூக்குகிறோம் என்று இயக்கக்காரர் சொன்னார்கள். இந்த நாட்டுக்கு வந்து பார்த்தால் துவக்கு வைத்திருப்பதே ஓர் உரிமை, வேறு காரணம் தேவையில்லை. இது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்கினவர்கள் என் மகளைப் போல இங்கே பிறந்தவர்கள்.

என் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் வந்தார். இவருக்கு ஊர் உயிலங்குளம் பக்கம். விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிற வேலை. வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வசனம் பேசினால் அதிகம். இவர் என் பக்கம்தான் நிற்பார் என்று நினைத்தேன். சுவரில் சாய்ந்து நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, "வாங்கட்டும்" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது.

"என்ர அண்ணனை வீட்டுக்குள்ள வந்து இழுத்துக்கொண்டு போகேக்க எங்களிட்ட ஒரு உலக்கைதான் இருந்தது" என்றார். "பிள்ளை வெறுங்கையோட நிக்க வேண்டாம்."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். கலியாணம் கட்டி இருபத்தெட்டு வருடத்தில் இவர் தன் அண்ணனைப் பற்றிப் பேசியது நாலு தடவையோ ஐந்து தடவையோ. அண்ணன் திரும்பி வரவேயில்லை.

3

எங்கள் வீட்டில் துவக்கு இருந்தது. இதை நான் துளசிக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயாவுக்கு அடம்பனில் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் பாய்கிற ஐந்து ஏக்கர் வயல். கதிர் பால் பிடிக்கிற நேரம் பார்த்துப் பன்றி இறங்கும். ஒரே இரவில் அரை ஏக்கரை உழுது போட்டுவிட்டுப் போய்விடும். அதற்காகக் கமக்காரர் துவக்கு வைத்திருக்க அரசாங்கம் அனுமதி கொடுத்தது. சும்மா கொடுக்கவில்லை. கிராம விதானையாரின் கடிதம், பொலிசின் நற்சான்று, காணி உறுதியின் பிரதி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு, பாலம் தாண்டி மாவட்ட அரசாங்க அலுவலகமான மன்னார்க் கச்சேரிக்குப் பத்துத் தடவையாவது போக வேண்டும். ஐயா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவதுபோலப் போனார். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு ஓர் ஒற்றைக்குழல் துவக்கு வீட்டுக்கு வந்தது. அதன் இலக்கம் அவருக்கு மனப்பாடம். பிள்ளைகள் நாலு பேரின் பிறந்த தேதியைக் கேட்டால் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்.

அந்தத் துவக்கால் ஒரு நன்மையும் இல்லை என்று சொன்னால் பொய். ஒரு மாரி காலம் மாடு களவெடுக்க மூன்று பேர் வந்தார்கள். ஐயா துவக்கோடு முற்றத்தில் போய் நின்றார். தோட்டா அலுமாரிக்குள் இருந்தது. அலுமாரிச் சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது. அம்மா கோயிலில் இருந்தா. வந்தவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது. பேசாமல் திரும்பிப் போய்விட்டார்கள். அதன்பிறகு எங்கள் ஒழுங்கையில் ஒரு மாடும் களவு போகவில்லை.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, ஒரு பின்னேரம் நாலு இயக்கப் பொடியள் சைக்கிளில் வந்தார்கள். ஒருவன் என் அக்காவோடு படித்தவன். மரியாதையாகத்தான் பேசினான். உங்களிடம் துவக்கு இருப்பது தெரியும், எங்களுக்கு அது தேவைப்படுகிறது என்றான். பேச்சு மரியாதையாக இருந்தாலும் இடுப்பில் சேட்டுக்குள் ஒன்று மேடாகத் தெரிந்தது. ஐயா உள்ளே போய்த் துவக்கை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு ஒன்று கேட்டார்.

"தம்பி, இதுக்கொரு பற்றுச்சீட்டு எழுதித் தாங்கோ. நாளைக்குக் கச்சேரியில கேட்டா நான் எதைக் காட்டுறது?"

பறிக்கிறவனிடம் பற்றுச்சீட்டுக் கேட்கிற சனம் உலகத்தில் எங்களைத் தவிர வேறு இருக்காது. அவனும் எங்கள் சனம்தானே, சிரிக்கவில்லை. என்னுடைய கணக்குக் கொப்பியில் ஓர் ஒற்றையைக் கிழித்து, ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று, இன்னாரிடமிருந்து இன்ன தேதியில் பெற்றுக்கொண்டோம் என்று உருண்டை எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் வைத்தான். ஐயா இரண்டு தரம் வாசித்தார். இலக்கத்தில் ஓர் எண் பிழை என்று திருத்தவும் வைத்தார். பிறகு அதை மடித்து, துவக்கு அனுமதிப் பத்திரத்தோடு அலுமாரிக்குள் வைத்தார்.

சில மாதம் கழித்து ஆமிக்காரர் வந்தார்கள். துவக்கு வைத்திருந்தவர்களின் பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. எங்கள் வீட்டுத் துவக்கு எங்கே என்று கேட்டார்கள். ஐயாவுக்கு முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை. விற்கவில்லை, ஒளிக்கவில்லை, எழுத்தில் அத்தாட்சி இருக்கிறது என்ற நம்பிக்கை. தானாகவே அலுமாரியைத் திறந்து அந்த ஒற்றையை எடுத்துக் கொடுத்தார். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவன் அதை அதிகாரிக்குச் சிங்களத்தில் சொன்னான். அவர்களுக்கு அது இயக்கத்துக்கு ஆயுதம் கொடுத்ததற்கான ஒப்புதல். வேறு சாட்சி தேவைப்படவில்லை.

மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். ஐயா கனத்தை இறக்கிக் கொடுத்து, அதற்குச் சீட்டும் வாங்கி வைத்திருந்தார். அப்படியிருந்தும் ஏழு மாதம் ஆமிக் காம்பில் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது வலது காது கேட்கவில்லை. உழவு மெசின் சத்தத்தில் அம்மப்பாவுக்குக் காது போனது என்றுதான் துளசிக்குச் சொல்லி வளர்த்தேன். பிள்ளைக்கு எதற்கு இந்தக் கதைகள் என்று நினைத்தேன்.

4

அந்தச் சனிக்கிழமை நானும் அவளோடு கடைக்குப் போனேன். நான் வராவிட்டாலும் தான் போகப் போவதாகச் சொன்னாள். தனியே விட மனம் வரவில்லை. டயர்க் கடைக்கும் கேக் கடைக்கும் நடுவில், சாதாரணமான ஒரு கடை. சுவர் முழுக்கத் துவக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னக் கைத்துவக்குகள், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பெட்டிபோல றோஸ் நிறத்தில்கூட.

கடைக்காரர் வெள்ளைத் தாடி வைத்த மனிதர். என்னை "மேம்" என்று கூப்பிட்டுக் கதிரை போட்டார். துளசி தெரிந்தெடுத்ததை என் கையிலும் தந்தார். ஐயாவின் துவக்கை நாங்கள் தொட்டால் அடி விழும். ஐம்பத்தொரு வயதில் முதல் தடவை ஒன்றைத் தொட்டேன். நினைத்ததைவிடப் பாரம், நினைத்ததைவிடக் குளிர்ச்சி. உடனே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அந்த மனிதரை வெறுக்கவேண்டும் என்று வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு போனவள் நான். முடியவில்லை. மாதத்துக்கு எத்தனை மணித்தியாலம் பழகப் போகிறாய், வீட்டில் எங்கே பூட்டி வைப்பாய், வீட்டில் மனம் உடைந்த யாராவது இருக்கிறார்களா என்று துளசியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். வாங்கி வைத்தால் மட்டும் பாதுகாப்பு வராது, பழகாவிட்டால் அது உன்னைவிட உன்னைத் தாக்க வருகிறவனுக்குத்தான் உதவும் என்றும் சொன்னார். தன் பொருளை விற்கிறவன் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிறகு படிவம். குற்றவாளியா, போதைப்பொருள் பழக்கமா என்று வரிசையாகக் கேள்வி. துளசி பத்து நிமிடத்தில் கோடு போட்டு முடித்தாள். எனக்கு இங்கே கார் லைசன்ஸ் எடுக்க மூன்று பரீட்சை தேவைப்பட்டது. நூலகத்தில் புத்தகம் எடுக்க இன்ன விலாசத்தில்தான் இருக்கிறேன் என்று இரண்டு கடிதம் காட்டினேன். ஐயாவின் ஒன்றரை வருடத்தை நினைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

கம்ப்யூட்டர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பொறு என்றது. காரணம் பெயராம். எங்கள் வழக்கப்படி தகப்பன் பெயர் பின்னால் வருகிறது. இவருடைய பெயர் ஆங்கிலத்தில் பதினேழு எழுத்து. லைசன்சில் ஒரு மாதிரி, பிறப்புப் பத்திரத்தில் இன்னொரு மாதிரி. சரிபார்க்க மூன்று வேலை நாள் ஆகலாம் என்று கடைக்காரர் மன்னிப்புக் கேட்டார். அனுமதி வந்ததும் தானே கூப்பிடுவதாகச் சொன்னார். இன்றிலிருந்து முப்பது நாளுக்குள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். தவறினால் திரும்பவும் முதலிலிருந்து எழுத வேண்டும். துளசியின் முகம் கறுத்துவிட்டது. இவருக்கு அவ்வளவு நீளப் பெயர் வைத்த என் மாமனாருக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

5

திரும்பி வரும்போது நெடுஞ்சாலையில் ஏதோ விபத்து. கார்கள் ஒன்றும் அசையவில்லை. துளசி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறு என்று சொன்ன மூன்று நாளில் நான் என்ன செய்யப் போகிறேன் என்று யோசித்தேன். வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது போதும் என்று பட்டது. கணக்குக் கொப்பி ஒற்றையிலிருந்து காது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. "ஏன் எனக்குப் பொய் சொன்னனீங்கள்? மெசின் சத்தம் எண்டு பள்ளிக்கூடத்தில எழுதினனெல்லோ" என்றாள். ஏழாம் வகுப்பில் அம்மப்பாவைப் பற்றிக் கட்டுரை எழுதினாளாம். எனக்கு நினைவே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டது அதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன்.

காம்பால் வந்த பிறகு அம்மப்பா துவக்கே வேண்டாம் என்று இருந்தாரா என்று கேட்டாள். பொய் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், என் பக்கம் வென்றுவிடும். ஆனால் இப்போதுதான் ஒரு பொய்க்கு மன்னிப்புக் கேட்டிருந்தேன்.

உண்மை இதுதான். சண்டை முடிந்த பிறகு பன்றி பெருகிவிட்டது. ஐயா எழுபத்திரண்டாவது வயதில் வேட்டி கட்டிக்கொண்டு மறுபடியும் கச்சேரிக்குப் போய்த் துவக்குக்கு விண்ணப்பம் போட்டார். கந்தோரில் இருந்த பிள்ளை பழைய பதிவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஐயா, உங்கள் பெயரில் ஏற்கனவே ஒரு துவக்கு இருக்கிறது, முதலில் அதைக் கொண்டு வந்து காட்டுங்கோ என்று சொல்லிவிட்டாவாம். ஐயா சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். சாகும்வரை அவர் பெயரில் அந்தத் துவக்குக் கச்சேரிப் பதிவில் இருந்தது.

துளசி சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது அவளுக்கு.

"அப்ப அவரே திரும்பக் கேட்டவர். நான் கேக்கிறதும் பிழையில்லைத்தானே அம்மா?"

"பிழையில்லை. எனக்குப் பயம். அவ்வளவுதான்."

அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, அவரை எப்படி வெளியே விட்டார்கள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். அம்மா தினமும் காலையில் காம்ப் வாசலில் போய் இருந்தா. முதல் நாள் தனியாக. அடுத்த நாள் பக்கத்து வீட்டு மாமி கூடப் போனா. ஒரு மாதத்தில் எங்கள் ஒழுங்கைப் பெண்கள் இருபது பேருக்கு மேல். வீதியில் நடக்கவும் தனியே போக மாட்டார்கள். சந்தியில் நின்று ஆள் சேர்ந்த பிறகுதான் ஆமியின் சென்றிக் காவலைத் தாண்டிப் போவார்கள். சத்தம் போடவில்லை, அழவில்லை, சும்மா இருந்தார்கள். உப்புக்குளத்திலிருந்து எங்களிடம் நெல் வாங்க வருகிற நூர்தீன் நானாவும் வந்தார். அவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. இந்த மனிதன் பன்றிக்கு வெடி வைக்கவே இரண்டு தரம் யோசிக்கிறவர் என்று வாசலில் நின்று அதிகாரியிடம் வாதாடினார். ஒரு தடவை இல்லை, கிழமைக்குக் கிழமை.

இதற்குப் பிறகுள்ளதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன், இங்கேயும் எழுதுகிறேன். சில வருடம் கழித்துத் துவக்கோடு வந்த இயக்கக்காரர் நூர்தீன் நானாவையும் அவருடைய முஸ்லிம் சனம் முழுவதையும் உடுத்த உடுப்போடு ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அப்போது நாங்கள் அடம்பனில்தான் இருந்தோம். எங்களிடம் துவக்கு இல்லை, உண்மைதான். ஆனால் காம்ப் வாசலில் இருந்த அம்மாவிடமும் துவக்கு இருக்கவில்லையே. அவருக்காக எந்த வாசலிலும் போய் இருக்க எங்களில் ஒருவருக்கும் கால் எழும்பவில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

கார்கள் அசையத் தொடங்கின. எங்கள் வெளியேறும் பாதையில் துளசி காரைத் திருப்பினாள். பிறகு தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னாள்: "எங்கட மாடியில பதினொரு பேர் ஒரே நேரம் வேலை முடிக்கிறம். பதினொரு பேரும் தனித்தனியாப் போறம்."

6

அன்றே போனில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினாள். ஏழரைக்குக் கீழ்க்கதவடியில் நிற்போம், ஆள் சேர்ந்ததும் சேர்ந்து நடப்போம் என்று அவ்வளவுதான் செய்தி. முதல் நாள் மூன்று பேர் வந்தார்கள். நான் என் காரைக் கொண்டுபோய் ஒரு மூலையில் நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்தேன். துளசிக்கு அது வெட்கம். இரண்டு கிழமை அவள் சொல்லைக் கேட்காமல் போனேன்.

புதன்கிழமை கடைக்காரர் கூப்பிட்டார். அனுமதி வந்துவிட்டது, வந்து எடுத்துக்கொள்ளலாம். பிறகு வருவதாகத் துளசி சொன்னாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

குழுவில் வந்து சேர்ந்தவர்களில் டெபி என்ற மூத்த நேர்ஸ் ஒருத்தி இருக்கிறா. முப்பது வருடச் சேவை. ஒருநாள் என் கார்க் கண்ணாடியைத் தட்டி, தன் கைப்பையில் எப்போதும் ஒரு கைத்துவக்கு இருக்கிறது என்று சொன்னா. நான் அதிர்ந்து போனேன். பிறகு ஏன் இவர்களோடு நடக்கிறீர்கள் என்று கேட்டேன். பையைத் திறந்து, கண்ணாடிக் கூட்டையும் டிஸ்யூக் கடதாசியையும் தள்ளி, அதைக் கண்டுபிடித்து எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறதென்று வீட்டில் ஒருநாள் செய்து பார்த்தாவாம். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுமாம். ஆனாலும் அதை வீட்டில் வைத்துவிட்டு வரத் தனக்குத் தைரியம் இல்லை என்றும் சொன்னா. அப்படியே உள்ளதைச் சொன்ன மனுசி. எனக்கு அவவைப் பிடித்துவிட்டது.

மூன்றாம் கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை அவன் வந்தான். தன் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றான். அன்றைக்கு எட்டுப் பேர் கதவால் வெளியே வந்தார்கள். துளசியைக் கண்டதும் நிமிர்ந்தான், மற்ற ஏழு பேரையும் கண்டதும் தயங்கினான். கதைக்கத்தான் வந்தேன் என்று சொன்னானாம். துளசி அவனைப் பார்த்து, எனக்குக் கதைக்க விருப்பமில்லை, முன்பே இரண்டு தரம் சொல்லிவிட்டேன் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். டெபி அவனுடைய வண்டி நம்பரைப் படம் எடுத்தா. இன்னொருத்தி பொலிசுக்குப் போன் எடுத்தா. அவன் போய்விட்டான்.

அடுத்த நாள் எட்டுப் பேரும் பொலிசுக்குப் போய் ஆளுக்கொரு படிவம் நிரப்பினார்கள். ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு நடந்தால் கூப்பிடு என்று சொன்ன அதே அதிகாரிதான், எட்டுப் படிவத்தைக் கண்டு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து வாசித்தாராம். பத்து நாளில் நீதிமன்றத்திலிருந்து உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரிப் பக்கமும் துளசியின் பக்கமும் அவன் வரக் கூடாது. கடதாசி ஒன்று ஒரு மனிதனைத் தடுக்கும் என்று நான் நம்ப மாட்டேன். நான் யாருடைய மகள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. ஆனால் இந்தக் கடதாசிக்குப் பின்னால் எட்டுப் பேரின் கையெழுத்து இருக்கிறது. அதற்குப் பிறகு ஆளைக் காணவில்லை.

7

முப்பதாவது நாள் ஒரு திங்கட்கிழமை. கலண்டரில் நான் ஒன்றும் குறிக்கவில்லை. குறிக்காமலே தெரியும். காலையில் இவரும் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே இன்றைக்குத்தானே என்று கேட்டார். அன்றைக்குத் துளசியின் கார் திருத்தப் போயிருந்தபடியால் நான்தான் அவளை வேலைக்குக் கொண்டுபோய் விட்டேன்.

வழியில் சொல்ல நினைத்திருந்ததை அவள் இறங்கும்போதுதான் சொன்னேன். கடை எட்டு மணிக்குப் பூட்டும், இன்றைக்குக் கடைசி நாள், உனக்கு வேண்டுமென்றால் பின்னேரம் நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். ஒரு மாதத்துக்கு முன் வாசற்படி தாண்டுவேன் என்று கத்தினவள் நான்தான். அவளுக்கு நாளைக்கு ஒன்று நடந்து, அன்றைக்கு நான் மறித்தேன் என்று ஆகிவிட்டால் அதோடு என்னால் உயிர் வாழ முடியாது. இவருடைய உலக்கையும் என் மனதில் கிடந்தது. அவள் கைப்பையைத் தோளில் மாட்டினாள். "ஓம்" என்றாள். கதவைச் சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

பின்னேரம் ஏழு இருபதுக்கே போய் நின்றேன். ஏழரைக்குக் கதவு திறந்தது. ஒன்பது பேர். சிரித்துச் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு காராக நின்று, ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டார்கள். கடைசியாகத் துளசி என் காருக்கு வந்து ஏறிப் பெல்ட்டைப் போட்டாள். கடைக்குப் பத்து நிமிடம் போதும். நான் காரைக் கிளப்பினேன்.

"ஒரு நிமிசம், அம்மா" என்றாள்.

அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஒரு நேர்ஸ் பெட்டை நின்றாள். புதிதாக வந்தவளாக இருக்க வேண்டும்; கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை புதுசு மாறாமல் மினுங்கியது. கார்ச் சாவியை விரல்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்திருந்தாள். வெளியே ஒரு கால் வைப்பதும், இரண்டு பக்கமும் பார்ப்பதும், உள்ளே போவதுமாக இருந்தாள்.

துளசி பெல்ட்டைக் கழற்றி இறங்கினாள். கார்கள் போய் வெறிச்சோடின அந்த இடத்தைக் குறுக்கே கடந்து தனியே நடந்தாள். அங்கே பாதி விளக்கு எரிவதில்லை. கூப்பிடுவதற்கு ஹோர்னில் கையை வைத்துவிட்டேன். பிறகு கையை எடுத்தேன். அவள் ஒரு தடவையும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை, வேகமாகவும் நடக்கவில்லை.

இரண்டு பேரும் கதவடியில் ஏதோ கதைத்தார்கள். அந்தப் பிள்ளையின் கார் அடுத்த கட்டடத்தில், நாலாம் தட்டில் நின்றதாம். லிஃப்ட் வேலை செய்யவில்லையாம். இரண்டு பேரும் படியேறிப் போனார்கள். நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். நீண்ட நேரத்துக்குப் பிறகு ஒரு சின்னக் கார் இறங்கி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றது. அதிலிருந்து துளசி இறங்கினாள். அந்தப் பிள்ளை உள்ளே இருந்து எனக்குக் கை காட்டிவிட்டுப் போனாள்.

துளசி ஏறி இருந்தாள். மணி எட்டு பத்து.

"கடை பூட்டியிருப்பான்" என்றேன்.

"தெரியும், அம்மா."

"வேணுமெண்டா திரும்பவும் எழுதிக் குடுக்கலாம்."

"ஓம். எழுதலாம்" என்றாள். கை குளிர்கிறது என்று தேய்த்துக்கொண்டாள். "அந்தப் பிள்ளையை நாளைக்கு ஏழரைக்குக் கதவடியில நிக்கச் சொன்னனான். நாங்கள் வராமல் வெளிக்கிட வேண்டாமெண்டு."

நான் காரை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.